ஒடுக்கமும் உடனிருப்பும்: மனச்சோர்வுக்கான தங்குமிடங்களின் வரலாறு

முன்னுரை

மனம் நலிந்தோரை அவர்தம் வீட்டினின்றும் பெயர்த்து, அமைதியான வேறோர் இடத்தில் சிலநாள் தங்கச்செய்தால் நலம் பெறுவர் என்னும் எண்ணம் மிகப் பழையது. கோயில், தர்கா, மடம், மலைவாழிடம், கடற்கரை ஆகியன இவ்வெண்ணத்திற்கு இடம்தந்துள்ளன. இன்று நாளிதழ்களின் வார இணைப்புகளில் ‘வெல்னஸ் ரிட்ரீட்’ என்ற பெயரில் விளம்பரம் பெறும் விடுதிகளும் இவ்வெண்ணத்தின் வழிவந்தவையே. யோகம், தியானம், எண்ணெய்க் குளியல், உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஒருசேர வழங்கி, மனச்சோர்வுக்கும் தீர்வு தருவதாக அவை கூறுகின்றன. இக்கூற்றினை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதற்கு முன்னர், இத்தகு இடங்கள் எவ்வாறு தோன்றின, அவற்றுள் யார் தங்கினர், யார் தங்கவில்லை என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்பது பயனுடையது. அதனையே இக்கட்டுரை மேற்கொள்கிறது. மருத்துவ முடிவு கூறுவது இதன் நோக்கமன்று. அத்தகுதி இலக்கிய மாணவனாகிய கட்டுரையாளனுக்கு இல்லை.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. தமிழ் இதழ்கள் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே சொல்லை இருவேறு பொருளில் ஆள்கின்றன. தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவன் உறும் நெருக்கடியும் மன அழுத்தம். மாதக்கணக்கில் உண்ணவும் உறங்கவும் இயலாது, எதிலும் விருப்பற்று, உயிர்வாழ்தலே சுமையெனக் கிடப்பவரின் நோயும் மன அழுத்தம். முன்னதற்கு நான்கு நாள் ஓய்வு போதுமானதாக இருக்கலாம். பின்னது நோய். இதனை ‘மனச்சோர்வு’ என வழங்குவது பொருந்தும். இவ்விரண்டும் ஒரே சொல்லில் கலந்து நிற்பதனால் விளம்பரம் எழுதுவோர்க்கு வசதியும் நோயுற்றோர்க்கு இடரும் விளைகின்றன. சொற்குழப்பம் உயிர்ச்சேதத்தில் முடியக்கூடிய துறைகளுள் இதுவும் ஒன்று என்பதனால் கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்டோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒதுங்கித் தங்குதலைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தமிழ்க் கத்தோலிக்கர், உலகியல் அலுவல்களை விடுத்துச் சிலநாள் மௌனத்திலும் செபத்திலும் கழிப்பதை ‘ஞான ஒடுக்கம்’ என்றனர். சைவ மரபில் கண்ணுடைய வள்ளல் இயற்றிய நூலின் பெயர் ஒழிவிலொடுக்கம்; இதனை இராமலிங்க அடிகள் 1851இல் பதிப்பித்தார். ‘ஒடுக்கம்’ என்னும் இச்சொல் புலன்கள் அடங்கி உள்முகமாதலை உயர்வாகச் சுட்டுகிறது. ஆனால் அதே வேர்ச்சொல்லைக் கொண்டே, வீட்டின் மூலையில் பேச்சற்றுக் கிடப்பவரை ‘ஒடுங்கிப் போய்விட்டார்’ என்கிறோம். பிறரை வலிந்து அடக்குதலும் ‘ஒடுக்குதல்’ ஆகிறது. நோயின் தோற்றம், நோய்க்கான மருந்து, மருந்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமை ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்திருப்பது எதிர்பாராத ஒன்றே. எனினும் பின்வரும் வரலாறு முழுதும் இம்மூன்றனிடையே ஊசலாடுவதைக் காணலாம்.

இன்னொரு சொல்லும் ஈண்டு வேண்டப்படுகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் (95) தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். சரக சங்கிதையும் இந்நான்கனையே மருத்துவத்தின் நான்கு கால்களாகக் கூறும். உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகிலிருந்து மருந்தை உரிய காலத்தில் தந்து பேணுபவன். ஒதுங்கிடங்களின் வரலாற்றை இந்த நான்காமவரை நோக்கி வாசிக்கும்போது பல செய்திகள் தெளிவுறுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

சங்கப் பாடல்களில் வரும் பசலையையும், வடக்கிருத்தலையும் மனச்சோர்வின் சான்றுகளாக எடுத்துக்காட்டும் போக்கு அண்மைக் காலக் கருத்தரங்கக் கட்டுரைகளில் மிகுந்துள்ளது. இது ஏற்புடையதன்று. பசலை ஓர் அகமரபு. வடக்கிருத்தல் மானம் பற்றிய புறமரபு. இன்றைய நோய்ப்பெயரை அவற்றின்மீது ஏற்றுவதால் இலக்கியமும் விளங்காது, நோயும் விளங்காது. ஆதலின் அவை இங்குத் தவிர்க்கப்படுகின்றன.

யார்க் நகரின் ‘ரிட்ரீட்’

‘ரிட்ரீட்’ என்னும் ஆங்கிலச்சொல் மனநலத்தோடு தொடர்புற்ற வரலாறு இங்கிலாந்தின் யார்க் நகரில் தொடங்குகிறது. 1790ஆம் ஆண்டு, ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண் மனத்துயர் காரணமாக யார்க் மனநோய்க் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அவர் குவேக்கர் சமயத்தவர். அந்நகரில் வாழ்ந்த குவேக்கர்கள் அவரைக் காணச் சென்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் உள்ளேயே இறந்தார். எவ்வாறு இறந்தார் என்பது வெளியே எவர்க்கும் தெரியவில்லை. இந்நிகழ்வு தேயிலை வணிகரான வில்லியம் டியூக் (1732–1822) என்பாரைப் பாதித்தது. அவர் தம் சமயத்தவரிடம் பொருள் திரட்டி, 1796இல் நகருக்கு வெளியே தோட்டம் சூழ்ந்த ஓர் இல்லத்தைத் திறந்தார். காப்பகம், மருத்துவமனை என்னும் சொற்களை விலக்கி ‘ரிட்ரீட்’ எனப் பெயரிட வேண்டும் என்று கூறியவர் அவருடைய மருமகள். புயலில் அலைக்கழிந்த கலம் ஒதுங்கும் துறை என்பது அச்சொல்லால் கருதப்பட்ட பொருள்.

காணவந்தோர் தடுக்கப்பட்டதே இவ்வில்லத்தின் தோற்றத்திற்குக் காரணம் என்பது கவனிக்கத்தக்கது. அதாவது, நான்காமவர் விலக்கப்பட்டதற்கு எதிர்வினையாகவே இவ்வில்லம் எழுந்தது.

வில்லியம் டியூக்கின் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் இவ்வில்லத்தைப் பற்றி விரிவான நூலொன்று வெளியிட்டார். அந்நூல் தரும் செய்திகள் இன்றும் சுவை குன்றாதவை. இங்குச் சங்கிலி இல்லை. சன்னல்களில் இரும்புச் சட்டங்கள் இருந்தன. ஆயினும் அவை மரச்சட்டங்கள் போலத் தோன்றுமாறு செய்யப்பட்டிருந்தன. முற்றங்களில் முயல், கோழி, கடற்புறா, பருந்து முதலியன விடப்பட்டிருந்தன. நோயாளிகள் அவற்றோடு பழகினர். தேநீர் விருந்துகள் நடந்தன. நோயாளிகள் தம் நல்ல உடைகளை அணிந்து அவற்றில் கலந்துகொண்டனர். ஆண்கள் தோட்டத்திலும் பெண்கள் தையலிலும் வீட்டு வேலையிலும் ஈடுபட்டனர். முதல் மருத்துவராகிய தாமசு பவுலர், அக்காலத்தில் வழங்கிய மருந்துகளை முயன்று பார்த்து, அவற்றுட் பெரும்பாலானவை பயனற்றவை என்று ஒப்புக்கொண்டார். மனச்சோர்வுடையோர்க்குப் பயன் தந்ததாக அவர் கண்டது வெந்நீர்க் குளியல்.

இன்றைய நலவாழ்வு விடுதியின் விளம்பரத்தில் காணும் தோட்டம், விலங்குகள், வெந்நீர்க் குளியல், நல்லுணவு ஆகியன யாவும் இங்கு உள்ளன. ஆனால் இங்கு மற்றொன்றும் இருந்தது. உதவியாளர்கள் நோயாளியோடு ஒரே மேசையில் உண்டு, உடன் நடந்து, ஒரு குடும்பம் போல வாழ்ந்தனர். 1797 முதல் மேற்பார்வையாளராக இருந்த ஜார்ஜ் ஜெப்சன் அவ்வில்லத்திலேயே வாழ்ந்தார். தங்கும் காலத்திற்கும் வரையறை இல்லை. சிலர் சில மாதங்களில் வீடு திரும்பினர், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர்.

இம்முறையைப் போற்றுவோர் மட்டுமே இருந்தனர் என்பதற்கில்லை. மிஷேல் பூக்கோ 1961இல் வெளியிட்ட தம் நூலில், டியூக் சங்கிலியை அகற்றிவிட்டு அதனிடத்தில் குற்றவுணர்வையும் இடைவிடாக் கண்காணிப்பையும் வைத்தார் என்று வாதிட்டார். தேநீர் விருந்தில் நன்னடத்தையோடு அமர்ந்திருக்க வேண்டிய கட்டாயமும் ஒருவகைத் தளையே என்பது அவர் கருத்து. மரம்போல் தோன்றிய இரும்புச் சன்னல் இவ்வாதத்திற்கு அரண் செய்கிறது. எனினும் யார்க் காப்பகத்தின் நிலவறைகளோடு ஒப்பிடுங்கால் இரண்டும் ஒன்றே எனக் கூறுவது மிகை என்றே கட்டுரையாளனுக்குத் தோன்றுகிறது. தாமே மனஞ்சோர்ந்து கிடந்த எவரும் அவ்விரண்டனுள் எதனைத் தேர்ந்தெடுப்பர் என்பதில் ஐயமில்லை.

யார்க் ரிட்ரீட் இருநூறாண்டுகளுக்கு மேல் இயங்கி, 2018ஆம் ஆண்டின் இறுதியில் உறைவிடச் சிகிச்சையை நிறுத்திக்கொண்டது.

ஓய்வுச் சிகிச்சை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மரபு வேறு திசையில் திரும்பிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர நரம்பியல் மருத்துவர் வேயர் மிட்செல், 1870களில் ‘ஓய்வுச் சிகிச்சை’ என்பதை வகுத்தார். மனமும் உடலும் தளர்ந்த பெண்களை ஆறு முதல் எட்டு வாரம் வரை படுக்கையில் கிடத்துதல், பால் மிகுந்த உணவு, உடற்பிடிப்பு, சிறு மின்னோட்டம், குடும்பத்தினின்றும் முற்றாகப் பிரித்தல் ஆகியவை இதன் கூறுகள். படிப்பும் எழுத்தும் தடை செய்யப்பட்டன. எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1887இல் இச்சிகிச்சைக்கு உட்பட்டு மேலும் நலிந்தார். அப்பட்டறிவினின்றும் பிறந்ததே 1892இல் வெளியான ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்னும் பொருள்படும் அவருடைய சிறுகதை.

டியூக் நோயாளிக்கு வேலை தந்தார். மிட்செல் வேலையைப் பறித்தார். டியூக் உடனிருப்பாரைத் தந்தார், மிட்செல் விலக்கினார். இன்றைய விடுதிகள் தம்மைப் பண்டை இந்தியாவின் வழித்தோன்றல்களாகக் காட்டிக்கொள்வன. எனினும் தனியறை, உடற்பிடிப்பு, அளந்த உணவு, கைப்பேசித் தடை என அவை தரும் பட்டியல் சரகரைவிட மிட்செலுக்கே நெருங்கி நிற்கிறது. இது எவரையும் பழிக்கும் நோக்கில் கூறப்படவில்லை. மரபு உரிமை கோரும்போது எம்மரபு என்று கேட்பது ஆய்வாளன் கடமை.

இந்தியச் சூழலில் மூன்று முயற்சிகள்

சென்னையில் வாலண்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் 1794இல் மனநோயாளர்க்கென ஓர் இல்லம் தொடங்கினார். யார்க் ரிட்ரீட்டுக்கு இரண்டாண்டு முற்பட்டது இது. பின்னர் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் எழுந்தது. 1858ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்க் குடியேற்ற அரசு நடத்திய காப்பகங்களின் முதன்மை நோக்கம் ஒழுங்கு காத்தல். அவை ஒதுங்கிடங்கள் ஆகா. அவற்றைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டமையின் இங்கு விரித்தல் வேண்டா.

நம் நோக்கிற்கு உரியவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒன்றையொன்று அடுத்துத் தோன்றிய மூன்று முயற்சிகள். முதலாவது இலக்னோவில் நிகழ்ந்தது. அமெரிக்க மெதடிஸ்டு சமயப் பணியாளர் ஸ்டேன்லி ஜோன்ஸ் (1884–1973), இந்தியா வந்த முதலாண்டுகளில் தாமே மனமும் உடலும் தளர்ந்து பணி செய்ய இயலாதவரானார். பின்னர் நைனித்தால் பகுதியின் சாத்தால் என்னுமிடத்தில் 1930இல் ஓர் ஆசிரமம் நிறுவினார். இந்திய ஆசிரம வடிவைக் கிறித்தவ ஒடுக்கத்திற்கு ஏற்றுக்கொண்ட முயற்சி அது. அங்கு வந்தோருள் சிலர்க்குச் செபமும் அமைதியும் மட்டும் போதவில்லை என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். 1950இல் இலக்னோவில் ‘நூர் மன்ஸில்’ என்னும் மனநல மருத்துவ மையத்தைத் தொடங்கி, பயிற்சி பெற்ற மனநல மருத்துவரை அதில் அமர்த்தினார். ஆசிரமத்தை நிறுவிய ஒருவரே அதன் எல்லையையும் அறிந்து மருத்துவமனையை நாடியது சிந்தனைக்குரியது. இன்றைய விடுதி நடத்துவோர் பலரிடம் காணவியலாத பணிவு இது.

இரண்டாவது அமிர்தசரசில் நிகழ்ந்தது. 1950களில் அங்கு மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்துத் தங்கச் செய்தார். தாய், தந்தை, மனைவி, உடன்பிறந்தார் ஆகியோர் சமைத்தனர், நோயாளியைக் குளிப்பாட்டினர், மருத்துவர் கூறுவதைக் கேட்டனர். இதனால் நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். குடும்பத்தாரின் அச்சமும் குறைந்தது. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் நோயாளியைக் கைவிட்டுச் செல்லும் வழக்கம் பரவியிருந்த காலத்தில் இது பெருமாற்றம். உழைச்செல்வான் மருத்துவமனைக்குள் மீண்டும் கால்வைத்த நிகழ்வு எனலாம். கூடாரத் துணியைத் தவிர வேறு செலவு மிகுதியாக இல்லை.

மூன்றாவது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம். 1957இல் பாகாயத்தில் தொடங்கப்பெற்ற இம்மையத்தில் நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்குவது ஏற்பாட்டின் பகுதியாகவே அமைந்தது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ‘பாகாயத்திற்குப் போய்வந்தவர்’ என்ற தொடர் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அங்குச் சென்றவர் தனியே செல்லவில்லை என்பதும் அத்தொடரில் அடங்கியுள்ளது.

கோயில் தங்கலும் ஓர் ஆய்வும்

திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரியின் வடகரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் மனநோயுற்றோர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுவது நெடுநாள் வழக்கம். உச்சிப்போதிலும் இரவிலும் பூசையின் முடிவில் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படும். இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடி தர்காவிலும், குசராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவிலும், இராசத்தானின் மேகந்திபூர் பாலாசி கோயிலிலும், கேரளத்தின் சோட்டானிக்கரையிலும் இவ்வாறே தங்குவர். சமயம் வேறாயினும் காலவரையறை, நீர், உடன்தங்கும் உறவினர் என்னும் மூன்றும் பெரும்பாலும் பொதுவாக உள்ளன.

இத்தங்கலால் பயன் உண்டா என்பதை அளந்தறிய முற்பட்ட ஆய்வு ஒன்று 2002ஆம் ஆண்டு சூலையில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இரகுராமும் உடனாய்வாளர்களும் திண்டுக்கல் மாவட்டத்து வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்தனர். சராசரித் தங்கல் ஆறு வாரம். அங்குச் சிறப்பான நோய்நீக்கச் சடங்கு எதுவும் இல்லை. காலையில் சிறிது நேர வழிபாடு. பின்னர் கோயிலைப் பெருக்குதல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற பணிகள். உறவினர் ஒருவர் உடனிருந்தார். நோய்க்கடுமையைக் குறிக்கும் அளவுகோலின் சராசரி மதிப்பெண் தங்கலின் தொடக்கத்தில் 52.9ஆக இருந்து இறுதியில் 42.9ஆகக் குறைந்தது. அஃதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்தது. ஒப்பீட்டுக் குழு இன்மையால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. எனினும், வன்முறையற்ற, ஆதரவான சூழல் தன்னளவில் பயன் தரவல்லது என்பதற்கு இது சான்று. இரும்புச் சன்னலும் தேநீர் விருந்தும் இல்லாமல், யார்க்கின் உள்ளடக்கம் ஒரு கொங்குச் சிற்றூரின் எல்லையில் நிலவியதாகவே தோன்றுகிறது.

ஆனால் இவ்வாய்வினைப் பலமுறை எடுத்துக்காட்டுவோரும் கூறாது விடும் செய்தி ஒன்றுண்டு. அந்த 31 பேருள் 23 பேர் மனப்பிளவு நோயினர். 6 பேர் மாறாத் தவறான நம்பிக்கை நோயினர். 2 பேர் மிகை எழுச்சி நிலையினர். மனச்சோர்வு என்ற நோய்க்குறி பெற்றவர் ஒருவர்கூட இல்லை. 2015–16இல் நிகழ்ந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆட்படுகிறார். இத்துணைப் பரவலான நோய் கோயில் திண்ணையில் ஏன் தென்படவில்லை?

விடை உழைச்செல்வானிடமே உள்ளது என்பது கட்டுரையாளனின் துணிபு. கோயிலுக்கு நோயாளி தானே வருவதில்லை, கூட்டிவரப்படுகிறார். கத்துபவரையும், அடிப்பவரையும், தெருவில் அலைபவரையும் வீடு தாங்காது, ஆதலின் கூட்டிவருகிறது. மனஞ்சோர்ந்தவர் எவரையும் தொந்தரவு செய்வதில்லை. அவர் சமைக்கிறார், அலுவலகம் செல்கிறார், இயலாதபோது படுத்துக்கொள்கிறார். ‘சோம்பல்’ என்றும் ‘அடக்கமானவள்’ என்றும் அவர் பெயர் பெறுவார். அவரைக் கூட்டிச்செல்ல எவர்க்கும் தோன்றுவதில்லை. நம் சமூகத்தில் பெண்ணின் ஒடுக்கம் நற்பண்பாகப் பாராட்டப்படுவதனால் அவள் நோய் கண்ணில் படுவதற்கே நெடுங்காலம் ஆகிறது. பொதுவாகக் காணப்படும் மனநலக் குறைகள் உடையோருள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு மேல் சிகிச்சை பெறுவதில்லை என அக்கணக்கெடுப்பு கூறுவதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

ஏர்வாடி, 2001

ஒடுக்கம் என்னும் சொல்லின் மூன்றாம் பொருள் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் வெளிப்பட்டது. ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் இல்லம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையின் தப்ப இயலாது 28 பேர் இறந்தனர். இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கூறவேண்டும். இது தர்காவில் நிகழ்ந்ததன்று. தர்காவை நாடி வந்தோரை இலக்காகக் கொண்டு அதனைச் சூழ எழுந்த விடுதிகளுள் ஒன்றில் நிகழ்ந்தது. தர்காவில் உறவினர் உடன்தங்குவது மரபு. அவ்வாறு தங்க இயலாத குடும்பத்தினர் பணம் கொடுத்துப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துச் சென்றனர். உழைச்செல்வானின் இடத்தைச் சங்கிலி நிரப்பிற்று.

குடும்பத்தினரைக் குறைகூறுவது எளிது. நாட்கூலி செய்வோர் ஆறு வாரம் வேலையை விட்டுத் தங்க இயலுமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உச்சநீதிமன்றம் இந்நிகழ்வைத் தானே முன்வந்து வழக்காக ஏற்றது. ஏர்வாடியின் இவ்வில்லங்கள் மூடப்பட்டன. பின்னாளில் தர்கா வளாகத்தையொட்டி மருந்தும் தொழுகையும் இணைந்து செல்லும் முறை, உனாவாவில் ‘தவா–துவா’ என்ற பெயரில் நடைபெற்ற முன்மாதிரியைப் பின்பற்றி, ஏர்வாடியிலும் அரசால் மேற்கொள்ளப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைத்தலைத் தடை செய்தது. மனநோயுற்றோரைச் சேர்த்துத் தங்கவைத்துப் பேணும் நிறுவனம் எதுவாயினும், ஆயுர்வேதம், யோகம், சித்தம் முதலிய முறைகளைச் சார்ந்ததாயினும், பதிவு பெறல் வேண்டும் என்றது. நோயாளி தனக்கென ஒருவரை நியமனப் பிரதிநிதியாகக் குறிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. உழைச்செல்வானுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்ததாக இதனைக் கொள்ளலாம்.

இன்றைய விடுதிகள்

1946இல் காந்தியடிகள் புனேவுக்கு அருகே உருளிகாஞ்சனில் தொடங்கிய இயற்கை மருத்துவ ஆசிரமம் ஏழை உழவரை நோக்கியது. 1976இல் இகத்புரியில் தொடங்கிய விபாசனா மையத்தின் பத்துநாள் மௌனப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை; கடுமையான மனநோய் உடையோர்க்கு இப்பயிற்சி உகந்ததன்று என அம்மரபினரே கூறுவர். இன்றைய வணிக விடுதிகள் இவ்விரண்டனின் வடிவை ஏற்று, இவ்விரண்டும் தமக்கு விதித்துக்கொண்ட வரையறைகளை விட்டுவிட்டன. இங்கு வருபவர் கூட்டிவரப்படுபவர் அல்லர், தானே வருபவர். கோயில் திண்ணை காணத் தவறிய மனச்சோர்வாளர் இவ்விடத்தில்தான் முதன்முதலாகத் தென்படுகிறார். இதனை விடுதிகளின் பங்களிப்பாக ஒப்புக்கொள்ளவே வேண்டும். தன் துயருக்குப் பெயர்சூட்டி, அதற்கெனப் பத்துநாள் ஒதுக்க ஒருவர் துணிவது சிறு செயலன்று.

ஆயினும் அவர் தனியே வருகிறார், தனியே திரும்புகிறார். உறைவிடத் தங்கல்களின் பயன் குறித்து வெளிவந்த 23 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மதிப்பீடு ஒன்று 2018இல் வெளியானது. தங்கியோர் நலம் மேம்பட்டதாகப் பெரும்பாலான ஆய்வுகள் கூறினும், அவ்வாய்வுகளின் அமைப்பு குறையுடையது என அது சுட்டியது. மனச்சோர்வு மீண்டும் வருவதைத் தடுப்பதில் தியானம் சார்ந்த உளச்சிகிச்சைக்குப் பயனுண்டு என்பது 2000 முதல் வெளிவந்த ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. ஆனால் அச்சிகிச்சை எட்டு வாரம், வாரம் ஒருமுறை, வீட்டிலிருந்தவாறே சென்று பயில்வது. மலைமேல் ஒதுங்கிப் பெறுவதன்று. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 மனச்சோர்வாளரிடையே விக்ரம் பட்டேலும் குழுவினரும் நிகழ்த்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நோயாளியைச் சந்தித்து, விட்டுவிட்ட அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்தனர். அது பயன் தந்தது. நோயாளியை வீட்டினின்றும் பெயர்க்காமல், உழைச்செல்வானை வீட்டிற்கு அனுப்பிய முறை இது. செடிக்கு நீரூற்றச் செய்த வேலாயுதம்பாளையம்புதூரும், தோட்டவேலை தந்த யார்க்கும் இதற்கு அயலானவை அல்ல. மிட்செலின் படுக்கையே அயலானது.

கட்டுரையாளனின் மாணவர் ஒருவர் பற்றி இங்குக் கூறாது விடுதல் நேர்மையாகாது. மனச்சோர்வுக்கு ஓராண்டாக மாத்திரை உட்கொண்டுவந்த அவர், விடுமுறையில் மலைப்பகுதி விடுதி ஒன்றில் பன்னிரண்டு நாள் தங்கினார். ‘உடல் தூய்மை பெறவேண்டும்’ எனக் கூறி அங்கு மாத்திரையை நிறுத்தச் செய்தனர். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது; நாங்களும் மகிழ்ந்தோம். மூன்றாம் வாரம் அவர் அறைக்கதவு திறக்கப்படவில்லை. விடுதியினர் எவரும் பின்னர் ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யவில்லை. உடன்பயின்றோர் ஐயுற்றுக் கதவைத் தட்டித் திறக்கச்செய்தமையால் உயிர் பிழைத்தார். பல்கலைக்கழகம் விருந்தினர் இல்லத்தில் ஓர் அறை ஒதுக்கித் தந்தது. ஊரிலிருந்து வந்த அவர் அன்னையார் ஏழு வாரம் அங்குத் தங்கினார். மொழி அறியாத அவ்வம்மையார் நாள்தோறும் மாலையில் மகனை அழைத்துக்கொண்டு நூலகத்தின் பின்புறச் சாலையில் நடந்துவருவார். மாத்திரை தந்த நேரத்தை நாட்காட்டித் தாளில் குறித்து வைத்திருந்தார்.

குணசீலத்திலும் ஏர்வாடியிலும் உடன்தங்கியோரின் வாய்மொழி வரலாறு தமிழில் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. நோயாளிகளைப் பற்றிய பதிவேடுகள் உள்ளன. மருத்துவர் எழுதியவை உள்ளன. 48 நாளும் திண்ணையில் அவர்களோடு படுத்தெழுந்த தாயரும் மனைவியரும் என்ன கண்டனர், எதனைக் கொண்டு ‘தேறிவிட்டது’ என முடிவு செய்தனர், ஊர் திரும்பியபின் என்ன ஆயிற்று என்பன அவர்களிடமே உள்ளன. நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர் இதனை மேற்கொள்ளலாம். அம்மூத்தோர் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர்.